ஹெபரின் விவகாரம்: சர்க்கரைச் சங்கிலிகள் கற்பித்த பாடம்

2007 ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸ் நகரின் சிறுவர் மருத்துவமனை ஒன்றில், சிறுநீரகங்கள் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்றுவந்த சில சிறார்களுக்கு, சிகிச்சை தொடங்கிய சில நிமிடங்களிலேயே முகம் வீங்கியது. இதயத் துடிப்பு அதிகரித்தது. இரத்த அழுத்தம் சரிந்தது. சிகிச்சைக் கருவிகளில் கோளாறு இருக்கலாம் என்றே முதலில் சந்தேகிக்கப்பட்டது. ஆனால் 2008 ஜனவரியில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் இதே போன்ற தகவல்கள் வரத் தொடங்கியபோது, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு மருந்து என்பது தெரியவந்தது. அந்த மருந்தின் பெயர் ஹெபரின்.

இரத்தம் உறைந்துவிடாமல் தடுப்பதற்காக உலகெங்கும் நாள்தோறும் பயன்படுத்தப்படும் மருந்து ஹெபரின். இதய அறுவைச் சிகிச்சை, இரத்தச் சுத்திகரிப்பு, கால் நாளங்களில் ஏற்படும் இரத்தக் கட்டு என்று அது தேவைப்படும் இடங்கள் பல. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. பாக்ஸ்டர் நிறுவனம் தனது ஹெபரின் குப்பிகளை அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. 2007 ஜனவரிக்குப் பின்னர் ஹெபரின் பெற்றவர்களிடையே, ஒவ்வாமை அல்லது இரத்த அழுத்தச் சரிவின் அறிகுறிகளுடன் நிகழ்ந்த 81 மரணங்கள் குறித்துத் தமக்கு அறிக்கைகள் கிடைத்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தெரிவித்தது. அவை அனைத்துக்கும் மருந்தே காரணம் என்று நிறுவப்படவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இந்த விவகாரத்தில் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்த அம்சம் வேறொன்று. நோயாளிகளைப் பாதித்த குப்பிகள் அனைத்தும் விதிக்கப்பட்ட தரப் பரிசோதனைகளில் தேறியிருந்தன. அந்தப் பரிசோதனைகளும் முறைப்படியே செய்யப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் நஞ்சு எவ்வாறு கண்ணில் படாமல் போனது என்ற கேள்விக்கான விடை, உயிரினங்களில் காணப்படும் கூட்டுச் சர்க்கரைகளின் அமைப்பில் பொதிந்திருந்தது.

ஒரே சர்க்கரை, வேறு பிணைப்பு

ஹெபரின் புரதம் அன்று. அது நீண்டதொரு சர்க்கரைச் சங்கிலி. அரிசியில் உள்ள மாவுச்சத்தும், பருத்தி நூலில் உள்ள செல்லுலோஸும் எந்தப் பொருட்குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே கார்போஹைட்ரேட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஹெபரினும்.

மாவுச்சத்தையும் செல்லுலோஸையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் குடும்பத்தின் அடிப்படை விதி விளங்கும். இரண்டுமே குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரை மீண்டும் மீண்டும் கோக்கப்பட்டு உருவானவை. வேறுபாடு, ஒரு மணியை அடுத்த மணியுடன் இணைக்கும் பிணைப்பின் திசையில் மட்டுமே உள்ளது. ஆல்பா எனப்படும் திசையில் பிணைப்பு அமைந்தால் சங்கிலி சுருள் வடிவம் பெறுகிறது, அதுவே மாவுச்சத்து. பீட்டா எனப்படும் எதிர்த் திசையில் அமைந்தால் சங்கிலி நேராக நீள்கிறது. அருகருகே உள்ள சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு உறுதியான இழைகளாகின்றன, அதுவே செல்லுலோஸ்.

இந்தச் சிறு திருப்பத்தின் விளைவு பெரிது. மனித உமிழ்நீரிலும் குடலிலும் உள்ள நொதிகள் ஆல்பா பிணைப்பை வெட்டி, சோற்றிலிருந்து குளுக்கோஸைப் பிரித்தெடுக்கின்றன. பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. எனவே வயல் நிறைய வைக்கோல் இருந்தாலும் மனிதன் அதை உண்டு உயிர்வாழ முடியாது. மாடு உயிர்வாழ்கிறது என்றால், அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தப் பிணைப்பை வெட்டித் தருவதே காரணம்.

விலங்குகளின் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜனும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் அதில் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு மணிகளுக்கு ஒரு கிளை பிரிகிறது. கிளைகள் பெருகப் பெருக நுனிகளும் பெருகுகின்றன. ஒரே நேரத்தில் பல நுனிகளிலிருந்து குளுக்கோஸை விடுவிக்க முடிகிறது. ஓடவேண்டிய தசைக்கு உடனடியாக எரிபொருள் கிடைப்பது இதனால்தான். குளுக்கோஸில் நைட்ரஜன் அடங்கிய சிறு தொகுதி ஒன்றைச் சேர்த்து, பீட்டா பிணைப்பில் கோத்தால் கிடைப்பது கைட்டின். இறாலின் ஓடும் வண்டின் மேற்கூடும் கைட்டினை அடிப்படையாகக் கொண்டவை.

ஆக, எந்தச் சர்க்கரை என்பது பாதிக் கதை மட்டுமே. அது எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது, எங்கே கிளை விடுகிறது, அதன்மீது எந்தத் தொகுதி ஒட்டியுள்ளது என்பவையே மீதிக் கதை.

எரிபொருளுக்கு அப்பால்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கார்போஹைட்ரேட்டுகள் எரிபொருளாகவும் கட்டுமானப் பொருளாகவும் மட்டுமே பெரிதும் கருதப்பட்டன. மரபணுக்களும் புரதங்களுமே ஆய்வுக்கூடங்களின் கவனத்தை ஈர்த்தன. ஆனால் சர்க்கரைச் சங்கிலிகள் செய்தி தாங்கும் அடையாளங்களாகவும் செயல்படுகின்றன என்பதற்கான சான்று ஒவ்வொருவரின் இரத்தத்திலும் இருந்தது.

வியன்னாவில் பணியாற்றிய கார்ல் லான்ட்ஸ்டெய்னர் 1901 ஆம் ஆண்டில் விவரித்த இரத்த வகைகள், உண்மையில் சர்க்கரை வேறுபாடுகளே. சிவப்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறுஞ்சங்கிலியின் நுனியில் கேலக்டோஸ் இருந்தால் அது பி வகை. அதே இடத்தில், கேலக்டோஸின் நெருங்கிய உறவான நைட்ரஜன் சேர்ந்த சர்க்கரை இருந்தால் அது ஏ வகை. இரண்டும் இல்லாவிட்டால் ஓ வகை. ஒரே ஒரு சர்க்கரை மாறினால், தவறாக ஏற்றப்பட்ட இரத்தம் உயிரைப் பறிக்கக்கூடும். அந்தச் சங்கிலியின் அடித்தளமாக அமையும் மற்றொரு சர்க்கரையும் இல்லாத அரிய நிலை 1952 ஆம் ஆண்டில் மும்பையில் கண்டறியப்பட்டு, பம்பாய் இரத்த வகை என்று பெயர் பெற்றது. அந்த வகையினருக்கு ஓ வகை இரத்தமும் பொருந்தாது.

சர்க்கரைகளால் இவ்வளவு வேறுபாடுகளைத் தாங்க முடிவதற்குக் காரணம் உண்டு. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களைக் கொண்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தி, ஆறு வரிசைகளை மட்டுமே அமைக்கலாம். அதுவே மூன்று வெவ்வேறு சர்க்கரைகள் என்றால், பிணைப்பின் இடமும் திசையும் மாறக்கூடும் என்பதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் சாத்தியமாகின்றன.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. புரதத்தின் வரிசை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அத்தகைய நேரடி அச்சு எதுவும் இல்லை. செல்லுக்குள் வெவ்வேறு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சர்க்கரைகளைச் சேர்க்கின்றன. சில இடங்களை மாற்றுகின்றன. சில இடங்களைத் தொடாமல் விடுகின்றன. எனவே ஒரே செல்லில் உருவாகும் சங்கிலிகள்கூட முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இவற்றைப் படித்தறிவது, மரபணுவைப் படித்தறிவதைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான். ஹெபரின் விவகாரத்தில் இந்தக் கடினம் ஒரு முக்கியப் பங்கை வகித்தது.

ஐந்து சர்க்கரைகளின் ஆற்றல்

ஹெபரின் கண்டுபிடிக்கப்பட்டது 1916 ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் வில்லியம் ஹோவெலின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடும்போது, அதற்கு நேர்மாறாக உறைவைத் தடுக்கும் பொருளைக் கண்டார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பின்னர் அதற்கு ஹெபரின் என்று பெயரிடப்பட்டது.

இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறி அமைந்த சங்கிலி அது. அவற்றின்மீது கந்தகம் அடங்கிய சல்பேட் தொகுதிகள் அடர்த்தியாக ஒட்டியுள்ளன. இதனால் ஹெபரின் மிக வலுவான எதிர்மின்னூட்டம் கொண்டதாக விளங்குகிறது. ஆனால் உறைவைத் தடுக்கும் அதன் ஆற்றலுக்கு மின்னூட்டம் மட்டும் காரணம் அன்று. சங்கிலியின் ஓரிடத்தில் ஐந்து சர்க்கரைகள் குறிப்பிட்ட வரிசையில் அமைந்திருக்க வேண்டும். அவற்றில் நடுவிலுள்ள சர்க்கரையில், அரிதாகக் காணப்படும் ஓர் இடத்தில், ஒரு சல்பேட் தொகுதி இருக்க வேண்டும். பூட்டுக்குச் சாவி போல அந்த ஐந்தும் ஆன்டித்ராம்பின் என்ற இரத்தப் புரதத்துடன் பொருந்துகின்றன. பொருந்தியதும் அந்தப் புரதம் வடிவம் மாறி, உறைவை உண்டாக்கும் நொதிகளைச் சுமார் ஆயிரம் மடங்கு வேகத்தில் முடக்குகிறது. அந்த ஒரு சல்பேட் தொகுதி இல்லையென்றால் பொருத்தம் ஏறத்தாழ அற்றுப்போகிறது.

இந்த ஐந்து சர்க்கரைகளின் வரிசை 1980 களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு ஆய்வகத்தில் முழுமையாகச் செயற்கை முறையில் உருவாக்கப்பட்ட ஃபோன்டாபரினக்ஸ் என்ற மருந்துக்கு 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனினும் அதன் தயாரிப்பு ஏறத்தாழ ஐம்பது வேதியியல் படிகளைக் கொண்டது. அதோடு, உறைவின் இறுதிக் கட்டத்தில் செயல்படும் த்ராம்பின் நொதியை முடக்குவதற்குக் குறைந்தது 18 சர்க்கரைகள் நீளமுள்ள சங்கிலி தேவை. ஆகவே இதய அறுவைச் சிகிச்சைக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் விலங்குகளிலிருந்து பெறப்படும் முழு ஹெபரினே தொடர்ந்து பயன்பட்டு வருகிறது. அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது.

பரிசோதனை எதைப் பார்த்தது

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ராம் சசிசேகரன் உள்ளிட்ட பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து மேற்கொண்ட ஆய்வில், 2008 மார்ச் மாதத்தில் அந்த மாசுப்பொருள் அடையாளம் காணப்பட்டது. அதுவும் ஒரு சர்க்கரைச் சங்கிலியே என்பதுதான் வியப்பு. அதன் பெயர் மிகை சல்பேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்டின் சல்பேட்.

காண்ட்ராய்டின் சல்பேட் என்பது விலங்குகளின் குருத்தெலும்பில் இயற்கையாக உள்ள பொருள். மூட்டு வலிக்கான துணை உணவாகவும் கடைகளில் விற்கப்படுவது. ஹெபரினைவிட மிகவும் மலிவானது. இயற்கையில் அதன் ஒவ்வோர் இணைச் சர்க்கரைக்கும் பொதுவாக ஒரு சல்பேட் தொகுதியே இருக்கும். மாசுப்பொருளிலோ நான்கு இருந்தன. இயற்கையில் அத்தகைய வடிவம் அறியப்படவில்லை. அது வேதியியல் முறையில் மனிதரால் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தனர்.

அக்காலத் தரப் பரிசோதனை, செம்மறியாட்டு இரத்தத்தின் உறைவை அந்த மருந்து எவ்வளவு தடுக்கிறது என்பதையே முதன்மையாக அளந்தது. மிகையாகச் சல்பேட் ஏற்றப்பட்ட சங்கிலிக்கும், அதன் வலுவான எதிர்மின்னூட்டம் காரணமாக, உறைவைத் தடுக்கும் தன்மை ஓரளவு உண்டு. ஆகவே கலப்படப் பொருள் அந்தச் சோதனையில் தேறியது. சோதனை மருந்தின் செயலை அளந்தது. அதன் அமைப்பைப் பார்க்கவில்லை.

ஆனால் மனித உடல் அமைப்பைப் பார்த்தது. அந்தப் பொருள் இரத்தத்தில் உள்ள வேறொரு நொதித் தொடரைத் தூண்டி, பிராடிகினின் என்ற பொருளை வெளிப்படச் செய்தது. பிராடிகினின் இரத்த நாளங்களை விரிவடையச் செய்வதால் இரத்த அழுத்தம் சரிந்தது. ஒவ்வாமை போன்ற எதிர்வினையை உண்டாக்கும் வேறு சில புரதத் துண்டுகளும் அத்துடன் உருவாயின. பன்றிகளுக்கு அந்தப் பொருளைச் செலுத்தி நடத்தப்பட்ட ஆய்வில் இரத்த அழுத்தச் சரிவு உறுதி செய்யப்பட்டது.

மாசுப்பொருளை இறுதியில் காட்டிக்கொடுத்தது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு எனப்படும் முறை. ஒரு மூலக்கூறில் அணுக்கள் எங்கெங்கே அமர்ந்துள்ளன என்பதை அது காட்டுகிறது. தூய ஹெபரினின் வரைபடத்தில் இருக்கக்கூடாத ஓரிடத்தில் சிறு முகடு ஒன்று எழுந்திருந்தது. அந்தத் தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளாகவே புழக்கத்தில் இருந்து வந்தது. ஆனால் இந்த மருந்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி கோரவில்லை.

இதே ஆண்டு செப்டம்பரில் சீனாவில் வெளிவந்த பால்மா விவகாரம் இதனுடன் ஒப்பிடத்தக்கது. பாலில் புரதத்தின் அளவை அறிய நைட்ரஜனை அளப்பதே வழக்கமாக இருந்தது. நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற பொருளைக் கலந்தவர்கள், புரதம் இல்லாமலேயே அந்தச் சோதனையை ஏமாற்றினர். சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளான குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று லட்சம். சோதனை எதை அளக்கிறது என்பதை அறிந்தவர், எதை அளக்கவில்லை என்பதையும் அறிந்திருப்பார் என்பதை இரு நிகழ்வுகளும் உணர்த்தின.

பன்றிப் பண்ணையிலிருந்து மருத்துவமனை வரை

கலப்படத்துக்கான சூழல் எவ்வாறு உருவானது என்பதும் கவனத்துக்குரியது. உலகின் பன்றிகளில் ஏறத்தாழ பாதி சீனாவில் வளர்க்கப்படுகின்றன. உலகின் கச்சா ஹெபரினில் பெரும்பகுதியும் அங்கிருந்தே வருகிறது. குடலைப் பதப்படுத்தும் சிறு கூடங்கள், இடைத்தரகர்கள், சேகரிப்பாளர்கள் என்று பல கைகள் மாறியே அது தொழிற்சாலையை அடைகிறது. 2006 ஆம் ஆண்டில் சீனாவில் நீலக்காது நோய் என்ற வைரஸ் நோய் பன்றிகளிடையே வேகமாகப் பரவியது. மூலப்பொருள் குறைந்தது; விலை ஏறியது. அந்நிலையில் மலிவான மாற்றுப் பொருளைக் கலக்கும் தூண்டுதல் எழுந்திருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர்.

மாசு கலந்த ஹெபரின் அமெரிக்கா உட்பட 11 நாடுகளில் கண்டறியப்பட்டதாக அமெரிக்க அதிகாரிகள் தெரிவித்தனர். ஜெர்மனியிலும் நோயாளிகள் பாதிக்கப்பட்டனர். அதேவேளை, மரணங்களுக்கு மாசுப்பொருளே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சீன அதிகாரிகள் வாதிட்டனர்.

மறுபுறம், அமெரிக்கக் கண்காணிப்பு முறையின் ஓட்டைகளும் வெளிப்பட்டன. மூலப்பொருளைத் தயாரித்த சீன ஆலையை உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒருமுறைகூட நேரில் சென்று ஆய்வு செய்திருக்கவில்லை. பெயர் ஒற்றுமை காரணமாக, முன்னரே ஆய்வு செய்யப்பட்ட வேறோர் ஆலை என்று அது தவறாகக் கருதப்பட்டிருந்தது.

விவகாரத்துக்குப் பின்னர் விதிகள் மாறின. 2009 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மருந்தியல் தர நூலின் புதிய விதிகள், ஹெபரினின் அமைப்பைக் காட்டும் பரிசோதனைகளைக் கட்டாயமாக்கின. ஐரோப்பாவிலும் விதிகள் இறுக்கப்பட்டன.

ஒரே மூலத்தைச் சார்ந்திருக்கும் நிலை

பரிசோதனை மேம்பட்டாலும், அடிப்படைச் சார்பு மாறிவிடவில்லை. 2018 ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, அந்நாட்டின் பன்றிகளின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தபோது, ஹெபரின் தட்டுப்பாடு குறித்த அச்சம் மீண்டும் எழுந்தது. 2020 ஆம் ஆண்டில் கொரோனா தொற்றாளர்களிடையே இரத்தக் கட்டுகள் அதிகமாகக் காணப்பட்டதால் ஹெபரினுக்கான தேவையும் பெருகியது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. மாட்டுக் குடலிலிருந்து ஹெபரின் எடுப்பது அவற்றில் ஒன்று. பைத்திய மாட்டு நோய் குறித்த அச்சத்தால் 1990 களில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலகியது. எனினும் பிரேசில் போன்ற நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. சமயக் காரணங்களுக்காகப் பன்றியிலிருந்து பெறப்படும் பொருட்களைத் தவிர்க்க விரும்புவோருக்கும் இது முக்கியமானது. ஆனால் மாட்டு ஹெபரினில் சல்பேட் தொகுதிகள் அமைந்துள்ள விதம் சற்று வேறுபடுவதால், அதன் ஆற்றல் அளவும் வேறுபடுகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மாற்றிப் பயன்படுத்த இயலாது.

மற்றொரு வழி, விலங்குகளையே சாராத தயாரிப்பு. ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை, ஹெபரினின் ஆரம்ப வடிவத்தை ஒத்த சர்க்கரைச் சங்கிலியைத் தன்மீது போர்வையாக அணிந்துகொள்கிறது. மனித உடலின் சர்க்கரையைப் போலத் தோன்றுவதால் நோய் எதிர்ப்பு அமைப்பின் பார்வையிலிருந்து அது தப்புகிறது. அந்தப் போர்வையைப் பிரித்தெடுத்து, உடலில் நிகழ்வது போலவே நொதிகளைக் கொண்டு சல்பேட் தொகுதிகளை ஏற்றும் முயற்சி நடந்து வருகிறது. அமெரிக்க விஞ்ஞானிகளான ஜியான் லியூ, ராபர்ட் லின்ஹார்ட் ஆகியோரின் குழுக்கள், நொதிகளின் துணையுடன் ஹெபரினின் குறுகிய வடிவங்களைப் பன்னிரண்டுக்கு மேற்படாத படிகளில் உருவாக்கிக் காட்டியதை 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டன. ஆனால் பன்றிக் குடலிலிருந்து கிடைக்கும் முழு ஹெபரினுக்கு ஈடாக, அதே விலையில், உலகின் தேவைக்கேற்ற அளவில் தயாரிப்பது இன்னமும் சவாலாகவே உள்ளது.

ஹெபரினின் நெருங்கிய உறவான ஹெபரான் சல்பேட், விலங்கு செல்கள் அனைத்தின் மேற்பரப்பிலும் காணப்படுகிறது. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் செல்லை அணுகுவதற்கு அது உதவுகிறது. ஹெர்பீஸ் வைரஸும் கொரோனா வைரஸும் செல்லைப் பற்றிக்கொள்ள அதையே பிடிமானமாகப் பயன்படுத்துகின்றன. இச்சங்கிலிகளைப் படித்தறியும் திறன் வளர வளர, புதிய மருந்துகளுக்கான வாயில்கள் திறக்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கின்றனர்.

2008 ஆம் ஆண்டில் மருத்துவமனைகளுக்கு வந்த அந்தக் குப்பிகளில் இருந்த இரு பொருட்களும் சர்க்கரைச் சங்கிலிகளே. இரண்டும் சல்பேட் சுமந்தவையே. இரண்டும் இரத்தம் உறைவதைத் தடுத்தவையே. பிணைப்பிலும் வரிசையிலும் இருந்த வேறுபாட்டைப் பரிசோதனைக்கூடங்கள் கேட்கவில்லை. அதைக் கண்டறிந்தவை முதலில் நோயாளிகளின் உடல்கள்தாம் என்பதே அந்த விவகாரத்தின் சோகம்.